நவம்பரில் நாங்கள் வாரிப் போட்டது

வீட்டிலிருந்து,
மார்ச் 8, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஓவியாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், நீயும் சான்டா கிளாராவில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று முருகனிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவைத் திறந்தேன். உடம்பளவில் என்று நான் எழுதியதை நீ கவனித்திருப்பாய், மீதியைக் கீழே சொல்கிறேன். தினமும் ஃபோனில் பேசுகிறவள் எதற்குத் தபாலில் எழுதுகிறாள் என்று பயந்துவிடாதே. ஃபோன் செய்தால் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், நீயும் மீட்டிங் இருக்கும்மா என்று பத்து நிமிஷத்தில் வைத்துவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் அனுப்பியதை அழித்துவிட அதில் ஒரு வழி இருக்கிறது. அழிக்கிற வழி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் நான் என்ன செய்வேன் என்பது போன மாதம் எனக்கே தெரிந்துவிட்டது. எட்டாம் நிலை வரை தமிழ்ப் பள்ளியில் படித்தவள் நீ, விரலை வைத்து மெதுவாகப் படி, ஃபோனில் படம் பிடித்து மொழிபெயர்க்கச் சொல்லாதே. போன தடவை வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்று நான் எழுதியதை அது யாரையோ கயிற்றால் கட்டிப் போட்டதாகச் சொல்லி உன்னைப் பயமுறுத்தியதல்லவா.

கறிவேப்பிலைச் செடி ஜனவரி உறைபனியைக் கராஜுக்குள்ளேயே இருந்து தாண்டிவிட்டது, மொட்டைக் குச்சியாக நிற்கிறது, இன்னும் துளிர்க்கவில்லை. அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள், உப்பைக் குறையுங்கள் என்றால் ஊறுகாய் உப்பில் சேராது என்கிறார். சிடார் மகரந்தம் காற்றில் பறந்து இந்தத் தடவையும் ஊர் முழுக்கத் தும்மிக்கொண்டிருந்தது. பர்வின் ஆன்ட்டி உனக்கென்று தம்ரூட் செய்து தந்திருக்கிறாள், தனிப் பார்சலில் வருகிறது, ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு போய் எல்லாருக்கும் கொடுத்துவிட்டு நீ வெறும் டப்பாவைப் பார்க்காதே. நீ ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பதிலாக சீரியல் சாப்பிடுகிறாய் என்பது எனக்குத் தெரியும், யார் சொன்னார்கள் என்று கேட்காதே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் தமிழ்ப் பள்ளிக்கென்று ஊரின் வட எல்லையில், ஓடைக்குப் பக்கத்தில், மூன்று பெரிய சிடார் மரங்கள் நிற்கிற நிலத்தை வாங்கியது உனக்குத் தெரியும். பதினான்கு வருஷம் வாடகைக்கு எடுத்த மிடில் ஸ்கூல் கஃபட்டீரியாவில், ஒட்டுகிற மேசைகளின் மேல் நோட்டை வைத்து நாங்கள் அ, ஆ சொல்லிக் கொடுத்தோம், நீயும் அங்கே படித்தவள்தான். சொந்தமாக நாலு வகுப்பறையும் ஒரு மேடையும் வேண்டும் என்பது அப்பாவின் இத்தனை வருஷத்து ஆசை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் புல் வெட்டும் மெஷினை டிரக்கில் ஏற்றிக்கொண்டு அங்கே போய்விடுவார், வெறும் புல்லில் நின்றுகொண்டு, இங்க மேடை, இங்க பாத்ரூம், இங்க பசங்க செருப்பு விடற இடம் என்று காலால் கோடு போட்டுக் காட்டுவார். அதையும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே படி, அவரைத் தப்பாக நினைத்துவிடாதே.

நவம்பரில், தாங்ஸ்கிவிங்குக்கு முந்தின சனிக்கிழமை, நிலத்தைச் சுத்தம் செய்ய முப்பது பேரைக் கூட்டினோம். ஏற்பாடு முழுக்க என் பொறுப்பு, கையுறையிலிருந்து எலுமிச்சை சாதம் வரை. சிடார் மரத்தடியில் முள்ளையும் கொடியையும் விலக்கியபோது தரை வரிசையாக, நீளநீளமாக மேடு தட்டியிருந்தது தெரிந்தது. அந்த மேடுகளின் மேல் பெரிய பெரிய கடல் சங்குகள், உடைந்த பீங்கான் தட்டுகள், தலைகீழாகப் பாதி புதைத்த நீலக் கண்ணாடி சீசாக்கள், ஓரிடத்தில் முள் நின்றுபோன ஒரு கடிகாரம். கடல் இங்கிருந்து முந்நூறு மைல். கட்டடக் குழுத் தலைவர் பிச்சுமணி அங்கிள், உனக்குக் கையைப் பிடித்து ழ எழுதக் கற்றுக்கொடுத்தாரே அவர்தான், முதலில் வாய் திறந்தார். "யாரும் கை வெக்காதீங்கோ, யாரோ எதையோ பண்ணி வெச்சிருக்கா" என்றார். செய்வினை என்ற சொல்லை அவர் சொல்லவில்லை, ஆனால் அங்கே நின்ற எல்லார் காதிலும் விழுந்தது அதுதான். ஓவியா, நீ சிரிப்பாய், அங்கே நின்றவர்களில் பாதிப் பேர் பெரிய கம்பெனிகளில் மேனேஜர்கள். ஐந்து நிமிஷத்தில் யாருடைய காரிலிருந்தோ மஞ்சள் தூள் வந்தது, தண்ணீர் பாட்டிலில் கலந்து தெளித்தார்கள். சாதத்துக்குப் பிழிந்தது போக மிச்சமிருந்த எலுமிச்சம் பழத்தை வெட்டிக் குங்குமம் தடவி நாலு மூலையிலும் வைத்தார்கள். ஹாலோவீனுக்கு வாங்கிக் கண்ணும் மூக்கும் செதுக்காமல் விட்டிருந்த பூசணிக்காய் ஒன்று அப்பாவின் டிரக்கில் கிடந்தது, அதன் மேல் கற்பூரம் ஏற்றிச் சுற்றி நடுவில் போட்டு உடைத்ததும் நம் அப்பாதான். அதற்குப் பிறகு கையால் தொடாமல் ரேக்கால் இழுத்து இழுத்து எல்லாவற்றையும் டம்ப்ஸ்டர் என்கிற பெரிய குப்பைத் தொட்டியில் போட்டோம். சீசாக்கள் உள்ளே விழுந்து உடைகிற சத்தத்துக்குக் குழந்தைகள் ஒவ்வொரு தடவையும் கைதட்டினார்கள்.

பர்வின் ஆன்ட்டி மட்டும் ரேக்கைக் கீழே வைத்துவிட்டாள். "நாகு, இந்த மேட்டப் பாத்தா எங்கூரு கபர் மாதிரியே இருக்குடி, எடுக்க வேணாம்னு தோணுது" என்றாள். நம் வீட்டில் எரிக்கிற வழக்கம், மேட்டைப் பார்த்தால் எனக்கு மேடு என்றுதான் தெரியும், புதைக்கிறவர்களுக்கு அது வேறு மாதிரித் தெரியும் போலிருக்கிறது. உங்கூரு கபரு எந்த ஃபிளைட்ல டெக்சஸ் வந்துச்சு என்று நான் கேலி செய்தேன், சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், அவள் சிரிக்காமல் காரில் போய் உட்கார்ந்துகொண்டாள். எனக்குச் செய்வினையில் நம்பிக்கை கிடையாது. பயந்தவர்கள் எதையும் தொடவில்லை, பயமில்லாத நான்தான் ஒரு சங்கைக் கையால் எடுத்தேன். இரண்டு கைக்கும் அடங்காதது, உள்ளே ரோஜா நிறம். வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவிப் பூஜை அலமாரியில் வைத்து வெள்ளிக்கிழமைகளில் அதில் தண்ணீர் ஊற்றித் துளசி போட்டு வந்தேன். படம் எடுத்ததும் நான்தான், சுத்தம் செய்வதற்கு முன் பதினேழு, பின் ஒன்பது. முன் எடுத்ததையெல்லாம் க்ரூப்பில் போட வேண்டாம் என்று பிச்சுமணி அங்கிள் சொன்னதால் பின் எடுத்ததை மட்டும் போட்டேன். நாற்பது பேர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள்.

ஜனவரி கடைசியில் ஒரு நாள் நூலகத்தில் என் மேசைக்கு மிஸ் லவெர்ன் வந்தார். உனக்கு மறந்திருக்காது, மூன்றாம் வகுப்பிலிருந்து உன் மஞ்சள் பஸ்ஸை ஓட்டியவர், ஒரு மழை நாளில் உன் பிராஜெக்ட் அட்டை நனையாமலிருக்கத் தன் ரெயின்கோட்டைக் கழற்றி அதன் மேல் போர்த்தி அனுப்பியவர். ரிட்டயர் ஆகிவிட்டார், முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. என் ஓவியா எப்படி இருக்கிறாள் என்றுதான் முதலில் கேட்டார். பிறகு ஃபோனை நீட்டி ஒரு படத்தைக் காட்டினார், நம் நிலத்தின் முன்னால், இங்கே பள்ளி கட்டப்போகிறார்கள் என்று நகராட்சி நட்டிருந்த அறிவிப்புப் பலகை. அந்த இடத்தின் பழைய வரைபடம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். எதற்கு என்று நான் கேட்டதற்குச் சொன்னார், என் பூட்டியும் பூட்டனும் அவர்களோடு இன்னும் முப்பது பேரும் அங்கே இருக்கிறார்கள் என்று. அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட பன்னிரண்டு குடும்பங்கள் அந்த ஓடைக்கரையில் குடியேறினவாம். ஒரு சர்ச், ஒரு பள்ளிக்கூடம், பின்னால் மயானம். சர்ச் எரிந்துபோயிற்று, ஊர் வளர வளர அவர்களுக்கு அங்கே இருப்பது கஷ்டமாகிக் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிவிட்டார்கள், நிலம் கைமாறிக் கைமாறிப் பத்திரத்திலிருந்து மயானம் என்ற சொல்லே எங்கோ விழுந்துவிட்டது. கல் நட வசதியில்லை, மரப்பலகையில் எழுதி நட்டது மக்கிப்போயிற்று, அதனால் அடையாளமெல்லாம் சங்கும் தட்டும்தான். இறந்தவர் கடைசியாகச் சாப்பிட்ட தட்டை உடைத்து மேலே வைப்பார்களாம், சாவு அந்த வீட்டில் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போகாமல் அங்கேயே அறுந்துபோகட்டும் என்று. கடல் எங்களைக் கொண்டுவந்தது, கடலே திரும்பக் கொண்டுபோகட்டும் என்று சங்கு வைப்பார்களாம். இதையெல்லாம் அவர் ஏதோ சமையல் குறிப்புச் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னார். நான் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாவுக்குச் சங்கு ஊதுகிற ஊரிலிருந்து வந்தவள் நான், கொள்ளிக் குடத்தை உடைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வா என்று சொல்கிற ஊர். செத்தவருக்காக உடைத்து வைத்த தட்டு என் கண்ணெதிரே கிடந்தபோது எனக்கு அது குப்பையாகத் தெரிந்தது.

அவர் இன்னொன்றும் சொன்னார். அவர்களுக்கும் முன்னால் அந்த ஓடைக்கரையில் காடோ இனப் பூர்வகுடிகள் இருந்தார்களாம், அவர்களைத் துரத்தின பிறகுதான் மற்ற எல்லாரும். மிஸ் லவெர்னின் தாத்தா உழும்போது கொழுமுனையில் அவர்களுடைய கல் அம்புமுனைகள் அகப்படும், அவர் குனிந்து எடுத்துப் பார்த்துவிட்டு அதே சாலில் திரும்ப வைத்து மண்ணைத் தள்ளிவிடுவாராம். வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று பிள்ளைகள் அடம் பிடித்தால், நம்முடையதல்ல, வைத்தவர்கள் வந்தால் தேடுவார்கள் என்பாராம். சொல்லிவிட்டு மிஸ் லவெர்ன் என்னைக் கேட்டார், நீங்கள் அங்கே போயிருக்கிறீர்களா ஹனி, சங்கு ஏதாவது கண்ணில் பட்டதா என்று. நான் மேப் எடுத்துவருகிறேன் என்று எழுந்து உள்ளே போய்விட்டேன். கொண்டுவந்து கொடுத்த மேப்பில் அந்த இடம் வெறும் வெள்ளையாக இருந்தது. அவர் அதை மடித்து, தேங்க் யூ ஹனி, என் ஓவியாவைக் கேட்டதாகச் சொல் என்று கிளம்பினார். ஒரு மாதத்துக்கு மேலாக அந்தச் செய்தியை நான் உன்னிடம் சொல்லவில்லை, இப்போது சொல்லிவிட்டேன்.

சில நாளில் மிஸ் லவெர்ன் நகராட்சிக்கு எழுதிப் போட்டுவிட்டார். மயானம் என்று சந்தேகிக்கக் காரணம் இருந்தால்தான் நிலத்தைச் சோதிக்க உத்தரவு போடுவார்கள், மயானம்தான் என்று உறுதியானால் அங்கே கட்ட முடியாது. பிப்ரவரியில் பிச்சுமணி அங்கிள் வீட்டுக்கு வந்தார், கையில் திரட்டுப்பால். மாமி போன பிறகு அவர் தானே கிண்டிப் பழகிக்கொண்டது, கொஞ்சம் அடிப்பிடித்திருந்தது, நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். அவர் அதட்டவெல்லாம் இல்லை ஓவியா, அதட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நாம யாரையும் வெரட்டலியேம்மா, நமக்கு முன்னாடியே எல்லாம் நடந்து முடிஞ்சாச்சு. போனவாளுக்கு என்ன தெரியப் போறது? நூத்தம்பது குழந்தைகள் கஃபட்டீரியாவுல உக்காந்துண்டிருக்கே, அதுகள நெனச்சுப் பாருங்கோ" என்றார். நவம்பரில் அந்த நிலத்தில் பழைய வீட்டுக் குப்பையைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தார், சுத்தம் செய்ததை நடத்தியவள் என்பதால் என் கையெழுத்துத்தான் வேண்டுமாம். அன்றைக்கு நமக்கு அது குப்பைதானே, பொய் ஒண்ணும் இல்லியே என்றார். அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையெழுத்துப் போட்டேன். அந்தப் படங்கள் இருக்கோ என்று வாசலில் செருப்பு மாட்டும்போது கேட்டார். அவர் கண்ணெதிரிலேயே ஒவ்வொன்றாகத் தொட்டுப் பதினேழையும் அழித்தேன். குப்பைத் தொட்டி என்று ஃபோனிலேயே ஒன்று இருக்கிறதாமே, அதிலிருந்தும் அழிக்க அப்பாதான் காட்டிக் கொடுத்தார். நீ என்னிடம் பொய் சொன்ன நாட்களில் நான் உன்னை எத்தனை மணி நேரம் உட்கார வைத்துப் பேசியிருக்கிறேன் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நூலக ஹாலில் ஊர் மக்களுக்கு விளக்கம் சொல்லும் கூட்டம். பிச்சுமணி அங்கிள் நல்ல ஆங்கிலத்தில் பேசினார், எல்லாப் பண்பாட்டையும் நாங்கள் மதிக்கிறோம், ஓர் ஓரத்தில் நினைவுப் பலகை வைக்கவும் தயார் என்றார். மிஸ் லவெர்ன் கைத்தடியை ஊன்றி எழுந்தார். பத்தொன்பது வருஷம் உங்கள் பிள்ளைகளை என் பஸ்ஸில் ஏற்றிப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டிருக்கிறேன், ஒருத்தரைக்கூடத் தொலைத்ததில்லை, என்னுடைய ஆட்களை நீங்கள் எங்கே தொலைத்தீர்கள் என்று கேட்டார். யாரோ சிரித்தார்கள், அவரும் கொஞ்சம் சிரித்தார், சிரித்துக்கொண்டே கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார், அதில் பாதிப் பேர் வீட்டு வாசல் அவருக்குத் தெரியும். என்னைப் பார்த்ததும் கையை ஆட்டினார், நானும் ஆட்டினேன். திரும்பி வரும்போது காரில் அப்பாவிடம், படத்தை அழிச்சிருக்கக் கூடாதுங்க என்றேன். "அழிச்சாச்சுல்ல, உட்று கண்ணு. ஊரே ஒரு பக்கம் நிக்கறப்ப நீ மட்டும் எந்தப் பக்கம் போய் நிப்ப?" என்றார்.

இன்று காலை நானும் அவரோடு நிலத்துக்குப் போனேன். சிடார் மரத்தடியில் மஞ்சளாக டாஃபடில் பூத்திருக்கிறது. நாங்கள் வாரிச் சுத்தம் செய்த அதே இடம், வேர் உள்ளே இருந்திருக்கிறது. ஆறடிக்கு ஒரு கொத்தாக, வரிசையாக, ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரே பக்கத்தில். பழைய பண்ணை வீட்டிலும் இந்தப் பூ நடுவார்கள், அதனால் இதை மட்டும் வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது என்று குழுவில் ஏற்கெனவே ஒருவர் சொல்லிவிட்டார். அப்பா மெஷினை ஓட்டிக்கொண்டு போனார். பூ இருக்கும் இடம் வந்ததும் சுற்றி வளைத்துக்கொண்டு போனார், ஒரு கொத்து விடாமல் எல்லாவற்றையும். ஏனுங்க அங்க வெட்டலை என்றேன். "பிளேடு மொன்னை" என்றார். புது பிளேடு, போன வாரம் மாட்டியது, ரசீது கிச்சன் மேசையில்தான் கிடக்கிறது. அவரும் தூங்காமல் புரளுகிறார் என்பது எனக்கு அப்போது தெரிந்தது, ஆனால் அவராக வாய் திறந்து சொல்லமாட்டார், நான் சொன்னால் ஒருவேளை நிற்பார்.

உனக்குப் பதினாறு வயதில் நடந்த ஒன்று அடிக்கடி நினைவுக்கு வருகிறது. நூலகத்துக்காக நம் ஊர் வரலாற்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தேன், புதிதாக வருகிற குடும்பங்களுக்குக் கொடுக்க. குடியேறிகள் வரும் முன் இங்கே ஆளில்லாத வெற்று நிலம் இருந்தது, பிறகு பருத்தி விளைந்தது, பிறகு ரயில் வந்தது என்று நகராட்சிப் புத்தகத்தில் இருந்ததை அப்படியே எழுதினேன். நீ என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, அம்மா, காட்டன் தானாவே பிக் பண்ணிக்குமா என்று கேட்டாய். எழுத்துக்கூட்டிப் படிக்கவே தடுமாறுகிறவள் கேட்கிற கேள்வியைப் பார் என்று உன்னைக் கால்குலஸ் படிக்க விரட்டிவிட்டேன். பருத்தியைப் பற்றி எனக்குத் தெரியாதா. எங்கள் காட்டில் பருத்தி எடுக்க வந்தவர்கள் யார், அவர்கள் செத்தால் எந்த வழியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று பார்த்து வளர்ந்தவள்தானே. அவர்கள் மயானத்துக்குப் போகிற வண்டிப்பாதையை வேலிக்குள் சேர்த்துக்கொண்டவர் என் அப்பா. பாடையைச் சுமந்து கொண்டு வாய்க்காலில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிப் போனதைப் பள்ளிக்கூடம் போகும் வழியில் நான் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்குப் பத்து வயது, வீட்டில் போய் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது நாற்பத்தாறு. இதை இதுவரை உன்னிடமும் சொன்னதில்லை, அப்பாவிடமும் சொன்னதில்லை.

இதையெல்லாம் உன்னிடம் அழுது தீர்த்துக்கொள்ள எழுதவில்லை, உன்னால் ஆக வேண்டிய ஒரு காரியம் இருக்கிறது. போன கோடையில் நீ வந்திருந்தபோது, நான் எடுக்கிற படமெல்லாம் தானாகவே உனக்கும் வந்து சேரும்படி என் ஃபோனில் ஏதோ செய்து வைத்துவிட்டுப் போனாய். தாங்ஸ்கிவிங் அன்று கூப்பிட்டபோது, என்னம்மா, உடைஞ்ச பிளேட்டெல்லாம் ஆர்ட்டிஸ்டிக்கா எடுத்திருக்கே என்று கேலி செய்தாயே, அது எனக்கு நேற்றுத்தான் ஞாபகம் வந்தது. துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என்னிடம் அழிந்தது உன்னிடம் அழியாது என்று பர்வின் ஆன்ட்டியின் மகளிடம் பொதுவாக விசாரிப்பது போல விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பதினேழும் உன்னிடம் இருக்கின்றன. எந்தச் சங்கு எந்த மேட்டில் இருந்தது, எந்தத் தட்டு எதன் மேல் இருந்தது, கடிகாரம் எங்கே என்று எல்லாம் அதில் தெரியும். டம்ப்ஸ்டர் போன இடம் போய்விட்டது, பொருள் திரும்பாது. என்னிடம் இருக்கிற சங்கு போக, படம் ஒன்றுதான் மிச்சம்.

உறைக்குள் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருக்கிறேன், மிஸ் லவெர்னின் ஈமெயிலும் வீட்டு முகவரியும் அதில் இருக்கின்றன. படங்களை நேராக அவருக்கு அனுப்பு, என் அம்மா எடுத்தது, இன்ன தேதி என்று எழுதி அனுப்பு. நகராட்சியில் இந்த விஷயம் மார்ச் இருபத்து நாலாம் தேதி செவ்வாய்க்கிழமை மாலை விசாரணைக்கு வருகிறது, அதற்கு முன் அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். மற்றதை நான் உன் தலையில் கட்டவில்லை. சங்கை நானே கொண்டுபோய் அவர் கையில் கொடுப்பேன், எந்த மேட்டிலிருந்து எடுத்தேன், வாய் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது, அவரோடு போய்க் காட்டுவேன். விசாரணையில் ஆளுக்கு மூன்று நிமிஷம் பேசத் தருவார்கள், என் கையெழுத்து தப்பு என்று சொல்ல அவ்வளவு நேரம் தேவையில்லை. அப்பாவிடமும் பிச்சுமணி அங்கிளிடமும் அதற்கு முன்பே நானே சொல்வேன், அங்கிள் இனி நம் வீட்டு வாசல் மிதிக்கமாட்டார், அது எனக்கு வலிக்கும். குழந்தைகள் இன்னும் சில வருஷம் கஃபட்டீரியாவில் படிப்பார்கள், அதற்கும் நான்தான் காரணம் என்று சொல்வார்கள், சொல்லட்டும். இவ்வளவு தைரியமாக எழுதுகிறேனே தவிர, நாளைக்கு யாராவது திரட்டுப்பாலோடு வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் உன்னை இழுக்கிறேன். வேலைக்குப் போகும் வழியில் போஸ்ட் ஆபீஸ் வாசலில் இருக்கும் நீலப் பெட்டியில் இதைப் போடுவேன், வீட்டு வாசல் பெட்டியில் வைத்தால் தபால்காரர் வருவதற்குள் எடுத்துவிடுவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள் சாமி. காருக்கு ஆயில் மாற்ற வேண்டிய தேதி தாண்டிவிட்டது, பல் டாக்டரையும் தள்ளிப் போடாதே. அனுப்பி முடித்ததும் எனக்குக் கூப்பிட்டு, கறிவேப்பிலை துளிர்த்துவிட்டதா அம்மா என்று மட்டும் கேள், ஸ்பீக்கரில் இருந்தாலும் பரவாயில்லை, நான் புரிந்துகொள்வேன். எங்கே இருந்தாலும் கேட்க வேண்டியதைக் கேட்கிறவளாக நீ இருக்க வேண்டும், நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், அப்பாவின் ஆசியும் இதில் சேர்த்திதான்.

ஒன்றை மறந்துவிடாதே கண்ணு. எக்காரணம் கொண்டும் படங்களை எனக்கு அனுப்பாதே. நானே கேட்டாலும் அனுப்பாதே.

உன் அம்மா,
நாகமணி குமாரசாமி